முதுமையில் ஓர் உடன்போக்கு

உத்தியோகத்தை விட்டு நீங்கியவரை ‘இளைப்பாறியவர்’ என்று வழங்குவது ஈழத்துத் தமிழ் மரபு. ‘ஓய்வு பெற்றவர்’ என்னும் வழக்கினும் இது பொருள் நிறைந்தது. ஓய்வு என்பது தொழில் இன்மையைக் குறிக்கும். இளைப்பாறுதலோ, உழைத்து இளைத்தவரின் களைப்பு ஆறுதலைக் குறிக்கும். வழிநடந்தவன் மரநிழலில் இருந்து இளைப்பாறுகின்றான். களைப்புத் தீர்ந்ததும் எழுந்து மீண்டும் நடக்கின்றான். எனவே, இன்னும் செல்லவேண்டிய வழி உண்டு என்னும் குறிப்பும் அச்சொல்லினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

ஆயின், நடைமுறை வேறாக இருக்கின்றது. பிரியாவிடைக் கூட்டம் நடைபெறுகின்றது; மாலையும் பொன்னாடையும் வாழ்த்துப்பாவும் வழங்கப்பெறுகின்றன; மறுநாட் காலையில் ஆசிரியர் சாய்மனைக் கதிரையில் பத்திரிகையோடு அமர்கின்றார். பாடசாலைக்குப் போன காலத்தில் இருவேளை தேநீர் கொடுத்த மனைவியார் இப்பொழுது நான்கு வேளை கொடுக்கின்றார். கணவருக்கு இளைப்பு ஆறுகின்றது. மனைவியாருக்கு அது ஏறுகின்றது. அவரும் ஓர் ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவரேயாயினும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. அரச சேவையில் கட்டாய ஓய்வுக்குரிய வயது 2023 சனவரி முதலாம் திகதி தொடக்கம் 60 என வகுக்கப்பட்டது. அடுக்களைச் சேவைக்கு அத்தகைய வயதெல்லை எந்தச் சுற்றறிக்கையிலும் குறிக்கப்படவில்லை.

எனக்கு நெடுநாட் பழக்கமான ஆசிரியத் தம்பதியர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் உளர். கணவர் தமிழாசிரியர், 2024இல் இளைப்பாறினார். மனைவியார் புவியியல் ஆசிரியை, 2025இல் இளைப்பாறினார். இருவரும் 1991இல் மணம் முடித்தவர்கள். இப்பொழுது அவர்கள் தமது சிறிய காரில் இலங்கையைச் சுற்றிவரத் திட்டமிட்டுக்கொண்டிருக்கின்றனர். பன்னிரண்டு நாட் பயணம். கோயில் நேர்த்தியோ, கலியாண வீடோ, கந்தோர் அலுவலோ காரணம் அன்று. இச்செய்தி சிறிதாகத் தோன்றலாம். எனினும், நம் சமூகத்தின் பழைய வழக்கம் ஒன்றும் அண்மைக்கால வரலாறு ஒன்றும் இச்சிறு செய்தியில் வந்து கூடுதலின், அதனை இப்பகுதியின் வாசகர் முன் வைப்பது பயனுடைத்து எனக் கருதினேன்.

இலக்கியம் கண்ட வழிகள்

நம் அகப்பொருள் இலக்கணத்தில் வழிச்செல்வோன் பெரும்பாலும் தலைவனே. ஓதலும் தூதும் பகையும் பொருளும் அவனைப் பிரித்துக் கொண்டுபோகின்றன. தலைவிக்கு உரியது இருத்தல். அவள் இல்லில் இருந்து நாள் எண்ணுகின்றாள். கடல் கடந்து செல்லும் செலவு மகளிரோடு இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் வரையறுக்கின்றது. பாசறையில் மகளிரோடு இருத்தலைக் கற்பியல் விலக்குகின்றது.

தலைவி தலைவனோடு வழிநடக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே உடன்போக்கு. பெற்றோர் அறியாது பாலை நிலத்து அருஞ்சுரத்திலே இருவரும் செல்கின்றனர். அவ்வழியின் வெம்மையையும் அவர்தம் அன்பின் தண்மையையும் சங்கப் புலவர் பலபடப் பாடினர். ஆயின் அது மணத்திற்கு முற்பட்ட போக்கு. மணம் நிகழ்ந்து மனையறம் தொடங்கியதும் தலைவியின் வழி முடிந்துவிடுகின்றது; வாயிற்படியே அவள் எல்லையாகின்றது.

மணமான பின் கணவனும் மனைவியும் நெடுவழி சென்றதை விரித்துக் கூறும் காப்பியம் சிலப்பதிகாரம். புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் காவிரிக்கரையே மேற்கு நோக்கி நடந்து, உறையூர் வழியாக மதுரையை அடைந்தனர். சிறிது தூரம் நடந்த அளவிலே களைப்புற்ற கண்ணகி, மதுரை மூதூர் எது என வினவுகின்றாள். கோவலன் நகைத்து, முப்பது காதம் என்றும், ஆறோ ஐந்தோ காதம் என்றும் இருவகையாகக் கொள்ளத்தக்க ஒரு தொகையைச் சொல்லி, அண்மையில்தான் என்று ஆற்றுவிக்கின்றான். உண்மைத் தூரத்தை மறைத்தது அவன் அன்பு. எனினும், அப்பயணத்தைத் தீர்மானித்தவனும் தூரம் அறிந்தவனும் அவனே. கேட்டு நடந்தவள் அவள். அப்பயணத்தின் முடிவு யாது என்பதை நாம் அறிவோம்.

இவற்றிற்கெல்லாம் புறம்பாகச் சுதந்திரமாக வழிநடந்த தம்பதியரும் நம் இலக்கியத்தில் உளர். அவர்கள் பாணரும் கூத்தரும். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பாணன் யாழைச் சுமந்து பாடினியோடும் விறலியரோடும் ஊரூராகச் செல்கின்றான். பரிசில் பெற்று மீண்டவன் பெறாதவனுக்கு வழி கூறுகின்றான். ‘ஆறு’ என்னும் சொல் ஈண்டு வழியைக் குறிக்கும். வறுமை அவர்களை வழியில் இறக்கியது உண்மை. ஆயினும் ஆணும் பெண்ணும் ஒருங்கே நாடு காணும் காட்சியை அப்பாட்டுகளிற் காண்கின்றோம்.

இனி, முதிர்ந்த தம்பதியர்க்கு இலக்கணம் வகுத்த வழி யாது? கற்பியலின் இறுதிப் பகுதியில் தொல்காப்பியர் ஒரு சூத்திரம் செய்துள்ளார். இன்பம் துய்த்து நிறைந்த கடைக்காலத்தில், மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடித் தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பயில வேண்டும். அதுவே கழிந்த வாழ்க்கையின் பயன் என்பது அதன் கருத்து. அச்சிறந்தது யாது என்பதனைத் துறவுநெறியோடு சார்த்தி உரை கண்டாரும் உளர். ஆயின் சூத்திரம் தலைவனைத் தனித்துக் கூறவில்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். இருவரையும் ஒருங்கு வைத்தே கூறுகின்றது. பயில்பவர் இருவர், பயனும் இருவருக்கு.

மூடிய வீதியில் ஒரு மணவாழ்க்கை

இலக்கிய வழக்கு ஒருபுறம் இருக்க, இத்தம்பதியரின் தலைமுறைக்கு வரலாறும் வேறொரு தடையை வைத்திருந்தது. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் வரும் ஏ-9 வீதி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளமானது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு அவ்வழி அடைபட்டது. இவர்கள் மணம் முடித்த 1991இல், தெற்கே போகவேண்டியவர் கடனீரேரியைக் கடந்து உயிரைப் பணயம் வைத்தே போகவேண்டியிருந்தது. கிளாலியில் இரவுப் படகேறியவர் அனுபவத்தை நம்முட் பலர் அறிவோம். 2002 ஏப்ரலில் வீதி திறந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் சோதனைச் சாவடிகள் இருந்தன. 2006 ஆகத்தில் மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர், முதலிற் கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டுப் படிப்படியாக இயல்பு நிலைக்கு வந்தது. ஒரு தம்பதியரின் இளமையும் நடுவயதும் ஒரு வீதியின் மூடலிலும் திறப்பிலும் கழிந்தன என்றால் அது மிகையாகாது.

அக்காலத்தில் அவர்கள் சேர்ந்து வழிநடக்கவே இல்லையா? நடந்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் வெளியேறியபோது இவர்களும் வெளியேறினார்கள். இரண்டு வயதுக் குழந்தையைச் சைக்கிளின் முன்பாரில் இருத்தி, பின்னால் ஒரு மூட்டையைக் கட்டி, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி உருட்டிச் சென்றனர். சில மைல் தூரத்துக்கு ஓர் இரவு முழுவதும் சென்றது. சைக்கிளைப் பிடித்திருந்தவர் கணவர். மூட்டை சரியாதபடி பின்னே தாங்கி வந்தவர் மனைவியார். ஒருவர் முகத்தை ஒருவர் காணவில்லை. “நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன பெரிய பயணம் அதுதான்” என்று அம்மையார் ஒருமுறை கூறினார். அவர் குரலில் துயரம் இல்லை. வகுப்பில் ஒரு தரவைச் சொல்வதுபோலவே சொன்னார்.

அதன்பின் சென்ற பயணங்கள் யாவும் அலுவற் பயணங்களே. விசாவுக்காகக் கொழும்பு, வைத்தியத்துக்காகக் கொழும்பு, மகளின் பேறுகாலத்துக்காகக் கனடா. கனடாவில் மூன்று மாதம் இருந்தும் அம்மையார் கண்டது பெரும்பாலும் ஒரு சமையலறையின் யன்னல் வழியே தெரிந்த பனியைத்தான். முப்பது ஆண்டுகள் இலங்கைப் படத்தை வெண்கட்டியால் கரும்பலகையில் வரைந்தவர், அப்படத்தின் பெரும்பகுதியைக் கண்ணாற் கண்டதில்லை.

ஒரு கொப்பியில் இரண்டு வழிகள்

பயணத் திட்டம் ஒரு பழைய பாடக்குறிப்புக் கொப்பியில் எழுதப்பட்டு வருகின்றது. முதலிற் கணவர் தம் விருப்பப்படி ஒரு வழியை எழுதினார். அது பாடல்களும் கல்வெட்டுகளும் காட்டிய வழி. ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம். அருணகிரியார் பாடிய கதிர்காமம். கிழக்குக் கரையிலே திருக்கோவில், மாமாங்கேச்சரம். விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு, அவர் துயிலும் கல்லடி. ஈற்றில் சம்பந்தர் பாடிய கோணமலை. இவற்றோடு பொலன்னறுவையில் உள்ள சோழர் காலத்து வானவன் மாதேவி ஈச்சரத்தையும், புத்தரின் தந்தத்தாதுவைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றதைத் தமிழிற் கூறும் கல்வெட்டையும் சேர்த்திருந்தார்.

அம்மையார் அப்பக்கத்தைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் வேறொரு வழியை எழுதினார். அது ஓர் ஆற்றின் வழி. மகாவலி இலங்கையின் மிக நீண்ட நதி, 335 கிலோமீற்றர். இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் நீர் அதில் வந்து சேர்கின்றது. மலைநாட்டில் ஹோட்டன் சமவெளிப் பக்கத்தே ஊற்றெடுத்து, கண்டியை வளைந்து, கிழக்குச் சமவெளியில் இறங்கி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. ஆண்டுதோறும் அதன் கிளைகளை மாணவர்க்கு ஒப்புவித்தவர் அம்மையார். அந்நதி பிறக்கும் இடத்தையும் கலக்கும் இடத்தையும் ஒரே பயணத்திற் காணவேண்டும் என்பதே அவர் ஆசை. ‘ஆறு’ என்னும் சொல் வழிக்கும் நதிக்கும் பொதுவாய் நிற்றலின், தமிழாசிரியருக்கு மறுத்துரைக்க இடமில்லாமற் போயிற்று.

இரண்டு வழிகளையும் ஒன்றாக்குவதற்கு நான்கு மாலைகள் சென்றன. கணவர் பொலன்னறுவையை விட்டுக்கொடுத்தார். அது மற்றொரு பயணத்துக்கு என ஒதுக்கப்பட்டது. அம்மையார் ஹோட்டன் சமவெளியின் ‘உலக முடிவை’ விட்டுக்கொடுத்தார். ஏறக்குறைய ஒன்பது கிலோமீற்றர் நடைக்குக் கணவரின் முழங்கால் இடங்கொடாது. அச்சமவெளியிலே குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த, சிங்களத்தில் ‘நெலு’ எனப்படும் செடிகள் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். இவர்கள் மணம் முடித்த பின் அவை இரண்டு முறைக்குக் குறையாமற் பூத்து உதிர்ந்திருக்கும். அதற்குப் பதிலாக, அக்கரப்பத்தனைப் பக்கத்தில் வீதியோரமாக ஓடும் தலையாற்று ஓடை ஒன்றிற் கால் நனைப்பது என்று முடிவாயிற்று.

முடிந்த வழி இது: யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழி, அங்கிருந்து ஏ-32 வீதியில் 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியே மன்னார். மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. பின் அட்டன், நுவரெலியா. அங்கிருந்து இறங்கி வெல்லவாய வழியாகக் கதிர்காமம். பின்னர் மொனராகலை, பொத்துவில், காரைதீவு, மட்டக்களப்பு. மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலை. முன்னர் படகுப் பாதைகளை நம்பியிருந்த இவ்வழியில், கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா. பின் ஏ-9 வீதியில் வீடு.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மகாவலி கடல் சேர்கின்றது. குடாவின் வடபுறத்தே கோணமலை நிற்கின்றது. கணவரின் பாடல்வழியும் மனைவியாரின் நதிவழியும் ஈற்றில் ஒரே குடாவில் வந்து முடிகின்றன. இதனை முன்னரே எண்ணி அமைத்தாரல்லர். இருவர் விருப்பையும் எழுதிப் பார்த்தபோது படம் தானாகவே காட்டியது.

இவ்வழியில் இரண்டு பகுதிகளைத் தனியே குறிப்பிட விரும்புகின்றேன். ஒன்று, மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், தலைமன்னார்ப் பக்கத்துக் கரைகளில் இறங்கிக் காட்டுவழியே நடந்து சென்ற திசை அது. நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 2023இல், அவர்கள் வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது. வழி நமக்கு மட்டும் மூடிக் கிடந்ததன்று. பிறருக்கு அது திறந்திருந்தே கொன்றிருக்கின்றது. காரில் சில மணித்தியாலங்களில் ஓடிக் கடக்கும் இடத்தை அவர்கள் எத்தனை நாள் நடந்திருப்பர் என்று எண்ணிக்கொண்டு கடத்தல் வேண்டும் என அம்மையார் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கின்றார்.

மற்றையது, முதல் அரைமணி நேரம். பயணம் தொடங்கியவுடன் அவர்கள் கார் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும். அதைப்பற்றிக் கொப்பியில் ஒன்றும் எழுதப்படவில்லை.

அடுப்பு ஏறாத கார்

வழி முடிந்தபின் பொருட்பட்டியல் எழுதப்பட்டது. கணவர் எழுதிய பட்டியலில் மருந்துப் பெட்டி, குடை, போர்வை, தண்ணீர்ப் போத்தல்கள் என்பவற்றோடு, சிறிய வாயு அடுப்பு ஒன்றும், அரிசி, பருப்பு, இரண்டு சட்டிகளும் இருந்தன. வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஒவ்வாது என்பதும், செலவு குறையும் என்பதும் அவர் கருத்து. அம்மையார் பேனாவை எடுத்து அவ்வரியை வெட்டினார்.

“உதை ஏத்துறதெண்டால் நீங்கள் மட்டும் போட்டு வாங்கோ. குசினியைக் காரிலை வைச்சுக்கொண்டு போறதுக்குப் பேர் பயணமே?”

கணவர் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள், இடியப்பமும் சம்பலும் நம்பி வாங்கக்கூடிய சாப்பாட்டுக் கடைகள் எந்தெந்தப் பட்டினத்தில் உள என்று நண்பர்களைக் கேட்டு எழுதத் தொடங்கினார். அட்டனில் அம்மையாரோடு பல்கலைக்கழக விடுதியில் இருந்த தோழி ஒருவர் இருக்கின்றார். அங்கு இருநாள் விருந்து. அங்கேயும் அடுக்களைக்குட் புகுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லியாயிற்றாம்.

இது நகைத்து விடுதற்குரிய செய்தி அன்று. இப்பயணத்தின் பொருள் முழுவதும் இவ்வெட்டிய வரியில் இருக்கின்றது. மனைவி உடன் செல்கின்றாள் என்பதனால் மட்டும் உடன்போக்கு ஆகிவிடாது. கணவன் காண்பதற்கும் மனைவி ஆக்கிப் படைப்பதற்கும் என இருவேறு தொழில் வகுத்துக்கொண்டு சென்றால், அது வீட்டை இடம் மாற்றி வைத்தலே ஆகும். இருவரும் காண்பதற்கே செல்லல் வேண்டும். வழியைத் தெரிந்தெடுப்பதில் இருவருக்கும் பங்கு வேண்டும். தூரத்தையும் இருவரும் அறிந்திருத்தல் வேண்டும். கோவலன் கூறிய இருபொருட் கணக்கு இவ்வம்மையாரிடம் செல்லாது. ஒவ்வொரு நாளுக்கும் உரிய கிலோமீற்றரைக் கூட்டி எழுதியவர் அவரே.

தடை கூறுவோர்

திட்டம் வெளிப்பட்டதும் தடைகளும் வெளிப்பட்டன. கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில், “அப்பாவுக்கு என்ன விசரே? ஒரு வானையும் ட்ரைவரையும் பிடிச்சுக்கொண்டு போங்கோ, இல்லாட்டி இஞ்ச வாங்கோ” என்றார். அயலவர் சிலர், வயது போன காலத்தில் ஊர் சுற்றுவானேன் என்றனர். வேறு சிலர், அப்பணத்தை வட்டிக்கு வைத்தால் மருந்துச் செலவுக்கு உதவுமே என்றனர். சிங்களம் தெரியாமல் தெற்கே போய் என் செய்வீர்கள் என்றாரும் உளர்.

இத்தடைகள் யாவும் அன்பினால் எழுந்தவை. புறக்கணிக்கத் தக்கனவும் அல்ல. பணிக்கொடைப் பணம் ஒருமுறையே வருவது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், சேமித்த பணத்தின் பெறுமதி கண்முன்னே கரைந்ததையும் மறந்தவர் எவரும் இலர். ஆதலின் தம்பதியர் பயணத்துக்கென ஒதுக்கியது ஒரு மாத ஓய்வூதியத்துக்குச் சற்று மேற்பட்ட தொகையே; எஞ்சியதைத் தொடவில்லை. மொழியைப் பொறுத்தவரை, அம்மையார் மாலைதோறும் சிங்களம் படிக்கின்றார். வழி கேட்கவும் விலை கேட்கவும் நலம் விசாரிக்கவும் போதிய சொற்கள் வந்துவிட்டன. ஒரு நாட்டில் அறுபது ஆண்டு வாழ்ந்து, அந்நாட்டு மக்கள் பெரும்பாலாரிடம் நலம் விசாரிக்கத் தெரியாதிருத்தல் இருபுறத்தாருக்கும் உள்ள குறை. நம்புறத்துக் குறையை அவர் தம் பங்குக்குக் குறைத்துக்கொள்கின்றார்.

வயது போயிற்று என்பார்க்கு ஒரு விடை உண்டு. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கிழக்குக் கரையோரமாக நடந்தே செல்லும் அடியார் கூட்டத்தில் முதியோரைப் பார்க்கலாம். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை எனப் பல கிழமைகள் அவர்கள் நடக்கின்றனர். வயதானவர்க்கு வழி புதியதன்று. காரணம் இன்றி வழிச்செல்வதே நமக்குப் புதியது. நாடு காண்டலும் ஒரு காரணமே என்பதை நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிற்போடுதலின் விலையையும் கூறவேண்டும். என்னோடு கற்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர், இளைப்பாறியதும் மனைவியாருடன் காசிக்குச் செல்வதாகப் பல ஆண்டு சொல்லிவந்தார். இளைப்பாறிய ஆண்டில் வீட்டுக் கூரை பழுதுபட்டது. அடுத்த ஆண்டில் இளைய மகனின் கலியாணம் வந்தது. மூன்றாம் ஆண்டில் மனைவியார் நோயுற்று மறைந்தார். பின்பு அவர் தனியே காசிக்குப் போய்வந்தார். போய்வந்தது பற்றி அவர் எவரிடமும் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

செல்வோர்க்குச் சில

இவ்வாறு புறப்பட எண்ணும் ஏனையோர்க்குப் பயன்படுமாறு, இத்தம்பதியரின் கொப்பியிலிருந்து சில குறிப்புகளை அவர்தம் இசைவோடு தருகின்றேன்.

பருவம் அறிந்து செல்லல் முதலாவது. வடகீழ்ப் பருவமழை மார்கழி, தை மாதங்களில் வடக்கையும் கிழக்கையும் நனைக்கும்; தென்மேற்குப் பருவமழை வைகாசி தொடக்கம் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் வலுக்கும். ஆதலின் தீவு முழுவதையும் சுற்றுவார்க்கு மாசியும் பங்குனியும் பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ புயலின்போது பெருவெள்ளத்தாலும் மண்சரிவுகளாலும் மலைநாட்டு வீதிகள் பல சிதைந்தன. அத்திசையிற் செல்வார் வீதியின் நிலையை அவ்வவ்வூராரிடம் முன்னரே கேட்டறிதல் நன்று.

நாள் ஒன்றுக்கு நூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடாமை இரண்டாவது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடத்தல் வேண்டும். இரவில் ஓடுதல் அறவே கூடாது. ஹபரணை, மின்னேரியாப் பக்கங்களிலும் வன்னிக் காடுகளிலும் மாலை மயங்கியதும் யானைகள் வீதியைக் கடக்கும். அவை கடக்கும் வரை காத்திருத்தலே அறிவு.

நீரிழிவு, குருதியமுக்கம் முதலியவற்றுக்குரிய மருந்துகளைப் பயண நாட்களிலும் ஒரு கிழமை மிகுதியாகக் கொண்டுசெல்லுதல் மூன்றாவது. மருந்துச் சிட்டையின் பிரதி ஒன்று மனைவியிடமும் ஒன்று கணவனிடமும் இருத்தல் வேண்டும். இருவர் நோயையும் இருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நான்காவது, காணும் இடத்தைப்பற்றி முன்னரே படித்துச் செல்லுதல். ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று எத்தனையோ ஆண்டு ஏட்டில் வைத்துக் கற்பித்துவிட்டோம். மலைநாட்டுச் சரிவும், வன்னிக் காடும், மட்டக்களப்பு வயல்வெளியும், கீழ்க்கரை மணலும் ஆகிய நான்கும் ஒருவார வழிக்குள் நமக்கு அண்மையில் உள்ளன. ஏட்டிற் சொன்னதை நிலத்தில் ஒத்துப்பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால், அதனைத் தவறவிடுதல் கற்பித்தவர்க்கு அழகன்று.

ஐந்தாவதும் இறுதியானதும் ஆகிய கடமை, ஆற்றுப்படை மரபு நமக்கு விதித்தது. சென்று மீண்டவர் செல்லாதவர்க்கு வழி சொல்லுதல் வேண்டும். எவ்விடத்தில் நல்ல நிழல் உண்டு, எவ்வூரில் வழிகேட்டபோது அன்போடு காட்டினர், எங்கே வீதி கெட்டுக் கிடக்கின்றது என்பனவற்றை எழுதுவதே அக்கடமை. கணவன் எழுத மனைவி கேட்டிருத்தல் பழைய வழக்கு. இக்கொப்பியிலோ இரு பக்கங்கள் உள. இரு பக்கமும் நிரம்புதல் வேண்டும்.

புறப்படும் நாள் மாசியில் ஒரு வியாழக்கிழமை என்று குறித்திருக்கின்றார்கள். முற்றத்துப் பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விடவும் சுவாமி அறையில் விளக்கேற்றவும் அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கின்றாள். இனி எஞ்சியிருப்பது புறப்படுதலே. இளைப்பாறியோர் பலர் இவ்வூரில் உளர்; அவர்தம் மனைவியர் இளைப்பு இன்னும் ஆறாமல் இருப்பாராயின், அவ்வீடுகளிலும் ஒரு பழைய கொப்பியைத் தேடி எடுத்து, முதற்பக்கத்தை அவ்வம்மையார் கையிற் கொடுப்பார்களாக.